கிளட்ச் கம்பி

“இன்னிக்கும் வண்டி வெளிய வராதா? நீ மெக்கானிக்கா, இல்ல சிற்பியா? எத்தனை நாள்தான் செதுக்குவே?”

லாரிக்குச் சொந்தக்காரியான முதலாளியம்மா போட்ட சத்தத்தில் பட்டறையே அடங்கிப்போனது. மெக்கானிக் மட்டும் லாரிக்கு அடியில் படுத்தபடி, “முடிஞ்சுடும்மா” என்றார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

பழைய இன்ஜின் மண்டையைப் போட்டதும், வேறு லாரியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கி இறக்கியாயிற்று. அது ஓடவும் ஓடுகிறது. கிளட்ச் பெடலிலிருந்து போகிற கம்பிதான் புது இன்ஜினுக்கு எட்டவில்லை. அதையும் நீட்டி வெல்டிங் வைத்தாயிற்று. கம்பியின் மறுமுனையை மாட்ட, கிளட்ச் லிவரில் இரண்டு ஓட்டைகள். உள் ஓட்டையில் மாட்டினால் பெடல் கல் மாதிரி இருக்கும், ஆனால் கியர் சுத்தமாக விழும். நுனி ஓட்டையில் மாட்டினால் பெடல் லேசு, கியர் மட்டும் கரகரவென்று கத்தும்.

ஊர் உலகத்தில் எல்லாரும் உள் ஓட்டையில் மாட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த மனுஷன் நுனி ஓட்டையைக் கட்டிக்கொண்டு அழுதார். கம்பியில் ஆட்டம் இல்லாவிட்டால் அதிலும் கியர் விழும் என்று, ஒவ்வொரு மூட்டிலும் தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்து, லேத்தில் புதுசு கடைந்து வந்து, போட்டுப் பார்த்து, திருப்தி இல்லாமல் திரும்பக் கழற்றி... பார்க்கிறவனுக்குத்தான் ரத்தக் கொதிப்பு.

முதலாளியம்மா பக்கத்தில் நின்ற டிரைவரிடம் திரும்பினார். “டிரைவரண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? உங்களுக்கு இரும்புக் காலு. எந்தப் பெடலா இருந்தா என்ன?”

“அதானேம்மா!” என்றார் டிரைவர், நிமிர்ந்து நின்று.

“ஒரு லோடு கைவிட்டுப் போச்சு. நாளைக்கு ஏத்த வேண்டியதும் போச்சுன்னா, வண்டியை வித்துட்டு நிம்மதியா உக்காந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

டிரைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வண்டியை விற்றால் வேலை போச்சு. இடது முட்டி தேய்ந்துபோன டிரைவரை இந்த வயசில் வேறு எவன் வைத்துக்கொள்வான்? முட்டி விஷயத்தை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொள்வார்.

டிரைவர் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்துக் கத்தினார்.

“ஏம்ப்பா, நான்தானே மிதிக்கப் போறேன்? உள் ஓட்டையில மாட்டுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“கனமா இருக்கும்ண்ணே.”

“இருக்கட்டுமே! என் காலை என்ன பஞ்சுலயா செஞ்சிருக்கு?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே.”

“பொறுத்துப் பொறுத்துத்தான் ஒரு லோடு போச்சு. உனக்கு வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. என் பொழைப்புல ஏன் மண்ணை அள்ளிப் போடறே?”

மெக்கானிக் வெளியே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேறு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம்தான், “ஏறுங்கண்ணே” என்றார்.

வலியை முகத்தில் காட்டக் கூடாதென்று உதட்டை இறுக்கிக்கொண்டு டிரைவர் பெடலை மிதித்தார். கால் அதுபாட்டுக்கு உள்ளே போனது. கியரும் சத்தமில்லாமல் விழுந்தது. நம்ப முடியாமல் தெருவைச் சுற்றி இரண்டு ரவுண்டு வந்தார். இறங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

“என் முட்டியை எப்படிப்பா கண்டுபிடிச்சே?”

மெக்கானிக் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே” என்றார் டிரைவர். “ஆனா ஒண்ணு, இது அந்தம்மா காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. ஈவு இரக்கம் இல்லாத மனுஷி. நாளைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடும்.”

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மெக்கானிக்குக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“அட போங்கண்ணே! ரெண்டு பேர்கிட்டயும் மாறி மாறித் திட்டு வாங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நீங்க நொண்டி நொண்டி இறங்கறதைப் பார்த்துட்டு உங்க முட்டி விஷயத்தைச் சொன்னதே அவங்கதான். ‘லோடு போனாலும் பரவால்ல, பெடல் லேசா இருக்கணும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் ரோஷத்துல வேலையை விட்டுடுவாரு. அதனால அவர் எதிர்ல உன்னைத்தான் திட்டுவேன், பொறுத்துக்கோ’ன்னுட்டாங்க!”