மகனைப் பார்க்கப் போகும் வழி

“கெதியா மிதியுங்கோ. நேற்றும் பாதி வழியிலை நிப்பாட்டிப்போட்டியள்,” என்றாள் செல்வநாயகி.

சைக்கிளில் இருந்த மார்க்கண்டுவுக்கு மூச்சு வாங்கியது. “முழங்கால் நோகுது, நாயகி. மகன்ரை இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?”

“இந்த மலை கழிஞ்சால் வந்திடும்.”

அவர் எழும்பி நின்று மிதித்தார்.

“வந்திட்டுது. ஜேர்மனி,” என்றாள் செல்வநாயகி.

போர் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. ஸ்டாண்டில் நின்ற சைக்கிளின் டைனமோவிலிருந்து போன வயர், ஜேர்மனிக்குப் போன மகன் விட்டுச்சென்று, இப்போது செல்வநாயகியின் கையிலிருந்த சின்ன வீடியோ கேமில் முடிந்தது. மிதிப்பது நின்றால், நாடு நாடாகப் போகும் கார்ப் பந்தயம் முதலிலிருந்து தொடங்கும்.

திரையில் மற்றக் கார்களெல்லாம் அவளை முந்திப் போயின.

“ஏன் ஆறுதலா ஓட்டுறாய்? தோக்கப்போறாய்.”

“தோத்தால் தோக்கட்டும். றோட்டுக் கரை வீடுகளைப் பாக்கிறன். உதிலை ஒன்றிலைதானே பிள்ளை இருப்பான்.”

“அப்ப இன்னும் ஆறுதலா ஓட்டு,” என்றார் மார்க்கண்டு, மிதிப்பதை விடாமல்.