ஈர விறகு

"சற்குணம் அண்ணை, காய்ஞ்ச விறகு கொண்டுவாங்கோ எண்டு உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்?"

மழைத் தூறலில் நின்று மாலினி கத்தினாள். அவளுக்குப் பின்னால் லண்டன் தோர்ண்டன் ஹீத் மண்டபத்துக்குள் தீ அபாய மணி விடாமல் அலறியது. பட்டுச்சேலையும் கோட்டுமாய் வந்திருந்த சனமெல்லாம் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் கார் பார்க்கில் நின்றது.

"காய்ஞ்ச விறகுதான் பிள்ளை. கடையில வாங்கின பொதியை அப்பிடியே இறக்கினனான்."

"காய்ஞ்ச விறகு இப்பிடிப் புகைக்குமே? சும்மா கதையாதேங்கோ!"

இந்த ஒரு மாலைக்காக மாலினி மாதக்கணக்காய் அலைந்திருந்தாள். மலாவியில் ஒரு கிராமத்துத் தொழிற்பயிற்சிப் பள்ளி. அங்கே பெண்பிள்ளைகள் புகை குறைந்த மண் அடுப்புகளைச் செய்து விற்கப் படிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் படிப்பையும் இங்கே ஒரு குடும்பம் பொறுப்பேற்க வேண்டும். அதைக் கேட்கத்தான் பள்ளி அதிபர் எஸ்தரை லண்டனுக்கு வரவழைத்திருந்தாள்.

எஸ்தர் பேசும்போது ஆட்கள் ரோல்ஸ் சாப்பிட்டார்கள், போனை நோண்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கலியாணக் கதை பேசினார்கள். தேநீருக்குப் பிறகு, பின்வாசல் கூடாரத்தில் அந்தக் கிராமத்தில் வழக்கமாய்ச் சமைக்கிற மூன்று கல் அடுப்பையும் பள்ளியின் அடுப்பையும் அருகருகே மூட்டிக் காட்டுவதாய் ஏற்பாடு. மூன்று கல் அடுப்பில் நெருப்பு வைத்ததுதான் தாமதம், புகை திரண்டு கதவு வழியாய் மண்டபத்தையே நிறைத்துவிட்டது.

மண்டப மேலாளர் முகம் சிவக்க வந்து, இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிவிட்டுப் போனார்.

"கேட்டியளே அண்ணை? ஹோலும் போச்சு, மானமும் போச்சு. இனி ஒரு பிள்ளைக்காவது ஆள் கிடைக்குமே?"

சற்குணம் கார் பார்க் மூலைக்குத் தள்ளிப்போய் நின்றார்.

நகைக்கடை விக்னேஸ்வரன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி வந்தார். அடுத்த ஏச்சு இவரிடம் என்று மாலினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, இந்தப் புகைக்குள்ளயோ அந்தச் சனம் ஒவ்வொரு நாளும் சமைக்குது?"

"ஓம் ஐயா. கைக்குழந்தையையும் முதுகில கட்டிக்கொண்டு."

அவர் கொஞ்ச நேரம் இருமினார். "எனக்கு ரெண்டு நிமிஷம் நிக்க ஏலாமப் போச்சு. ஒரு பிள்ளையை எங்கட வீட்டுப் பொறுப்பில விடும்."

"எங்களுக்கும் ஒரு பிள்ளை," என்றாள் வட லண்டன் எட்மண்டனிலிருந்து வந்த அஜந்தா. பிறகு இன்னொருவர். பிறகு கலியாணக் கதை பேசிய இருவரும். மணி ஓய்ந்தபோது, அந்தப் பள்ளியில் பொறுப்பேற்கக் குடும்பம் கிடைக்காத பிள்ளை ஒருத்தியும் இல்லை.

ஆனாலும் மாலினிக்கு எரிச்சல் அடங்கவில்லை. நேரே எஸ்தரிடம் போனாள். "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றாள் ஆங்கிலத்தில். "விருந்தாளியாக வந்த உங்களையும் மழையில் நிற்க வைத்துவிட்டோம். எல்லாம் அந்த மனிதரால். ஒரு விறகுகூட ஒழுங்காய்க் கொண்டுவரத் தெரியாது!"

கார் பார்க் மூலையில் தனியே நனைந்துகொண்டிருந்த சற்குணத்தை எஸ்தர் பார்த்தார். எஸ்தரின் முகம் வாடியது.

"அவரை ஏசாதே, மாலினி. அவர் கொண்டுவந்தது நல்ல காய்ந்த விறகு. எல்லாரும் தேநீர் குடிக்கப் போனபோது, நான்தான் அதில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன்."