நடுப்பக்கத்தில் தவளை

இதழ் வடிவமைப்பு படிக்கும் தையல்சிட்டுக்குக் குளக்கரை இசை இதழ்தான் முதல் வேலை. நடுப்பக்கத்துக்குத் தவளை வித்வானின் படம். இதழின் பக்கங்கள் எல்லாம் இலைகள். அந்த அகன்ற முகம் நேராக வைத்தால் ஓர் இலைக்குள் அடங்கவில்லை. அதனால் சிட்டு படத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மேலுதடு ஓர் இலையிலும் கீழுதடு மறு இலையிலும் வருமாறு வரைந்து, இரண்டையும் சேர்த்துத் தைத்தது.

வெளியீட்டு விழாவில் பாட வந்த தவளை இதழைப் பாதி விரித்துப் பார்த்தது. கன்னம் உப்பியது.

“ஏம்மா சிட்டு, பாடறவன் படத்துல வாயையே காணோமே?”

மடிப்பு வாயை விழுங்கியிருந்தது. வரைந்தபோது விரித்துப் போட்டுத்தான் பார்த்தது சிட்டு. மடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு. இல்லேன்னா இன்னிக்குக் கச்சேரி கிடையாது.”

கிழிக்கத்தான் போனது சிட்டு. அதன் பிடியில் இலை மடங்கி விரிந்தது. படத்திலிருந்த வாய் மூடித் திறந்தது.

“அண்ணே, கோவத்தோடயே ஒரு வரி பாடுங்களேன்.”

தவளை முறைத்தபடி பாடியது. சிட்டு அந்தத் தாளத்துக்கு இலையை மூடி மூடித் திறக்க, படத்துத் தவளையும் கூடவே பாடியது. குளக்கரையே எழுந்து நின்று பார்த்தது. அதைக் கண்ட தவளை முழுக் கச்சேரியையும் பாடி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

பிறகு, கச்சேரி கேட்க வந்திருந்த குயில் மெல்லச் சிட்டின் பக்கத்தில் வந்தது. “அடுத்த இதழ்ல என்னையும் மடிப்புலயே வச்சுடும்மா.”

“வைக்கிறேன் அக்கா. ஆனா முதல்ல வெறும் இலையை மடிச்சுப் பாத்துட்டுத்தான் வரைவேன்” என்றது சிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.