இடது முழங்கால்

சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போடுகிறவர் மைதானத்தின் பாதியில் நிற்கிறார். மழை விட்ட மாலை வெயில் புல்லின் மேல் சாய்ந்து கிடக்கிறது. நட்புக் கால்பந்தாட்டத்துக்கு வந்த வெளிநாட்டு அணி பேருந்திலிருந்து இறங்குகிறது. அதே நீலச் சட்டை. அந்த நாட்டில் ஆடிய ஆறு வருஷமும் இவர் முதுகோடு ஒட்டிக் கிடந்த நீலம். இறங்குகிற பையன்கள் எவரும் அன்று பிறந்தே இருக்கமாட்டார்கள். “என்னண்ணே, ஒருத்தனும் உங்களக் கண்டுக்கலையே?” என்று காவலாளி சீண்டுகிறார். “கண்டுக்கிட்டா கோடு தானா விழுந்துருமா?” என்கிறார் இவர், இன்றைக்கென்று சவரம் செய்துகொண்டு வந்தவர். கடைசியாக மருந்துப் பெட்டியோடு அணியின் மசாஜ்காரர், தலை முழுக்க நரைத்தவர், இறங்குகிறார். அவரும் கடந்துதான் போகிறார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைத் தள்ளுகிறார். சக்கரம் கிறீச்சிடுகிறது, கூடவே ஒரு கால் புல்லில் இழுபடும் சத்தம். மசாஜ்காரர் நின்று திரும்புகிறார். முகத்தையல்ல, காலைப் பார்க்கிறார். பெட்டியை ஈரத்திலேயே வைத்துவிட்டு, மண்டியிட்டு, இவருடைய பேன்ட்டைச் சுருட்டி, முழங்கால் சில்லுக்குக் கீழே அன்றெல்லாம் அழுத்திய அதே இடத்தில் கட்டைவிரலை வைக்கிறார்.

“இன்னும் வலிக்குதா?” முப்பது வருஷமாகக் காதில் விழாத அந்த நாட்டு மொழியில் கேட்கிறார்.

நொண்டல்தான் மிச்சம், வலி போய்ப் பத்து வருஷமாகிறது.

“வலிக்குது,” என்கிறார் இவர், அதே மொழியில். “இன்னும் கொஞ்சம் அழுத்துங்க.”