வெட்டிய கொடிக்குப் பட்டு முடிச்சு

வெட்டினால்தான் காய்க்கும் என்று நாற்றுக் கடைக்காரர் சொன்னதை நம்பி, குணசுந்தரி திராட்சைக் கொடியை மொட்டையாக்கிப் பதினைந்து நாளாகிறது. வெட்டிய நுனிகளில் நீர் சொட்டுவதைப் பார்த்த அவள் கணவர் சடையப்பனுக்கு மனம் கேட்கவில்லை. அறுந்த இழையைக் கண்டால் நெசவுக்காரர் கை சும்மா இருக்குமா? மிச்சப் பட்டு நூலைச் சுற்றி, நுனிக்கு நுனி முடிச்சுப் போட்டுவிட்டார். காலை வெயிலில் இப்போது பந்தல் முழுக்க அரக்கும் மயில்கழுத்து நிறமும் மினுங்குகின்றன. பக்கத்து வீட்டு விசைத்தறி தடதடக்கிறது. ஸ்டூல் மேல் நிற்கும் குணசுந்தரியின் விரல் ஒரு முடிச்சருகே நிற்கிறது. அதன் கீழே கணுவில் இளந்துளிர். துளிரின் மடிப்பில் கடுகு கோத்தாற்போல் பூங்கொத்து. “இங்க வந்து பாருங்க” என்கிறாள். டீ டம்ளரோடு வந்த சடையப்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார். “நான்தான் சொல்லிகினே இருந்தேனே. முடிச்சு போட்டதாலதான் பொழச்சுது.” “ஆமாங்க” என்கிறாள் அவள். “அந்த ஓரத்துக் கிளைக்குத்தான் நூல் பத்தல. அது இன்னா ஆச்சு?” என்கிறார் அவர். அந்த ஓரத்துக் கிளையில் மூன்று கொத்து விட்டிருக்கிறது. குணசுந்தரி பிடிமானத்துக்குக் கிளையைப் பிடிப்பவள்போல் அவற்றை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். “டீ ஆறிடப்போவுது, குடிங்க.”