ஆஷ்லியின் எண்

தில்லை நகர் பிரவுசிங் சென்டரின் கண்ணாடிக் கதவு வழியே மாலை வெயில் வந்து மேசையில் படுத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இன்னும் பத்து நிமிடம்தான். வாழைநாரில் தொட்டில் மெத்தை செய்யும் யோசனை பிரவீன்ராஜின் மனைவி ஆஷ்லியுடையது. அதனால் கூட்டாளியாக அவள் பெயரையே எழுதித் தந்திருக்கிறான். அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. தட்டச்சு செய்யும் மகாலட்சுமிக்கு அது தெரியாது. "அவங்க நம்பருக்கும் ஓடிபி போயிருக்கு சார். வீட்ல கேட்டுச் சொல்லுங்க." மாதந்தோறும் அவன் ரீசார்ஜ் செய்துவரும் ஆஷ்லியின் போன் சட்டைப்பையில் அதிர்கிறது. எடுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறான். "அவங்க போனையும் நீங்களே வச்சிருக்கீங்களா? பாவம் சார் அவங்க!" என்று சிரிக்கிறாள் மகாலட்சுமி. 'அன்புள்ள ஆஷ்லி' என்று தொடங்குகிறது செய்தி. அவன் அந்த வரியைத் தாண்டவில்லை. வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதக்கிறது. வெளியே ஸ்ரீரங்கம் பஸ்ஸின் ஹாரன், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டு அடங்குகிறது. "ஓடிபி டைம் முடிஞ்சிருச்சு சார். மறுபடி அனுப்பவா? இதான் கடைசி. விட்டா அடுத்த வருஷம்தான்." "அனுப்புங்க." போன் மீண்டும் அதிர்கிறது. அன்புள்ள ஆஷ்லி. அந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவதுபோல், தாழ்ந்த குரலில் சொல்கிறான்.