அதிகம் எடுப்பவர் பக்கம்

வீட்டார் நினைவுகளை எல்லாம் ஒன்றாக வைத்திருக்கும் பெட்டியின் வேகத்தைச் சோதிக்க ஒரு பெண் வந்திருந்தாள். இசைவாணி தன் புருவத்துத் தழும்பையும் கணவனையும் காட்டி அவளிடம் பொருமினாள்.

"என்னை அடிச்சதே இவருக்கு ஞாபகம் இல்லையாம்."

"ஒரு நினைவை யார் அதிகமா எடுத்துப் பார்க்கறாங்களோ அவங்க பக்கம் அது நகர்ந்துடும் மேடம். அப்பதான் வேகம். அடிச்ச நினைவை நீங்க தினமும் எடுக்கறீங்க. சார் ஒரு தடவைகூட எடுக்கல. முழுசா உங்ககிட்ட வந்துடுச்சு. வேகச் சோதனையில உங்க வீட்டுக்குத்தான் நல்ல மார்க்," என்றாள் வந்தவள்.

"உன்னை நான் ஏம்மா அடிக்கப் போறேன்?" என்றான் கணவன் கதிரேசன்.

அவன் முகத்தில் பொய்யே இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். இதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதை இவர் பக்கமே திருப்பி வைங்க," என்றாள். "தினமும் எடுக்க வைக்கிறது என் பொறுப்பு."